ஜோம்பியும் கிறிஸ்மஸும் பாட்டும் ஒரே படத்துல: ‘அன்னா அண்ட் தி அபோகலிப்ஸ்’

மொதல்லயே சொல்லிடறேன், ஜோம்பி படம்னா, அதாவது செத்தவன் எழுந்து வந்து ஆளக் கடிக்கற படம்னா, ரத்தம் தெறிக்கணும் தலை உருளணும்னு மட்டும் பாக்கறவங்களுக்கு இந்தப் படம் பாதிதான் புடிக்கும், பாட்டு வந்தாலே பார்வர்டு பண்றவங்களுக்கு சுத்தமா புடிக்காது, ஆனா ரெண்டையும் தாங்கிக்கற ஆளா இருந்தா அரையாண்டு லீவுல வீட்ல போர்வைய போத்திகிட்டு பாக்க இத விட நல்ல ஐட்டம் சீக்கிரம் கெடைக்காது. படம் பேரு ‘அன்னா அண்ட் தி அபோகலிப்ஸ்’. ஸ்காட்லாந்து படம், டைரக்டர் ஜான் மெக்பெயில், 2017ல பெஸ்டிவல்ல காட்டி 2018 நவம்பர் கடைசிலதான் அங்க தியேட்டருக்கு வந்துச்சு. நம்ம தருமபுரி தியேட்டருக்கெல்லாம் இந்த மாதிரி படம் வந்து சேராதுங்கறது தெரிஞ்ச விஷயம்தானே, அதனால எப்பவும் போல நெட்ல எடுத்து டிவியில போட்டு பாத்ததுதான்.

ஓசூர்ல கம்பெனி வேலை பாக்கற சித்தப்பா பையன் லீவுக்கு வந்திருந்தான், அவன்தான் "அண்ணா ஒரு படம் இருக்கு, செத்தவன் எழுந்து வர்றான், ஊரே கிறிஸ்மஸ் கொண்டாடுது, நடுவுல எல்லாரும் பாட்டு பாடறாங்க"னு சொன்னான். கேக்கும்போதே இது என்னடா கலவைனு தோணுச்சு. பேய் காமெடி நமக்கு புதுசு இல்ல, ‘முனி’ ‘காஞ்சனா’ ‘அரண்மனை’னு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பாத்து வளர்ந்த ஊருதான் நம்மது. ஆனா பேய் காமெடி வேற ஜோம்பி காமெடி வேற, அத பின்னாடி சொல்றேன்.

கதை ரொம்ப சிம்பிள். லிட்டில் ஹேவன்னு ஒரு சின்ன ஊரு, பெருசா எதுவும் நடக்காத ஊரு. அங்க அன்னானு ஒரு பொண்ணு, ஸ்கூல் கடைசி வருஷம். அம்மா இல்ல, அப்பா டோனி அதே ஸ்கூல்ல துப்புரவு வேலை பாக்கறவரு. பொண்ணு காலேஜுக்கு போகணும்னு அப்பா ஆச, பொண்ணோ அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் ஆஸ்திரேலியா அது இதுனு சுத்திட்டு வரலாம்னு டிக்கெட் எடுக்கற பிளான்ல இருக்கா, அத அப்பாகிட்ட சொல்லல. கூட படிக்கற ஜான்னு ஒரு பையன் கார்ல போகும்போது வாய தவறி உளறிடறான், அப்பாவுக்கும் பொண்ணுக்கும் சண்ட. இந்த ஜான் அன்னாவ மனசுக்குள்ள வெச்சுகிட்டு வெளிய சொல்லாம சுத்தற கேஸ், அத படத்துல இருக்கற எல்லாருக்கும் தெரியும், அன்னாவுக்கு மட்டும் தெரியாத மாதிரியே இருப்பா. அப்புறம் ஸ்டெப்னு ஒரு பொண்ணு, வேற நாட்ல இருந்து வந்து படிக்கறவ, கிறிஸ்மஸுக்கு அப்பா அம்மா கூட இல்ல, கார் சாவிய வேற ஸ்கூல்ல புடுங்கி வெச்சுட்டாங்க. கிறிஸ்னு ஒருத்தன் எப்ப பாத்தாலும் கேமராவ தூக்கிகிட்டு படம் எடுக்கறேன்னு சுத்துவான். அவன் லவ்வர் லிசா, ஸ்கூல் கிறிஸ்மஸ் விழாவுல பாடப்போறா. நிக்னு ஒரு ரௌடிப் பையன். எல்லாத்துக்கும் மேல சாவேஜ்னு ஒரு வாத்தியாரு, அடுத்த ஹெட்மாஸ்டர் நான்தான்னு இப்பவே மெதப்புல திரியற ஆளு.

இப்படி எல்லாரும் அவங்கவங்க கவலையில இருக்கும்போது விடிஞ்சா ஊர்ல பாதி பேரு ஜோம்பி. ஏன் எப்படி ஆச்சுனு படம் நேரத்த வேஸ்ட் பண்ணல. ஏதோ நோய் பரவுதுனு போற போக்குல ஒரு நியூஸ் காதுல விழும், அவ்ளோதான். செத்தவன எழுப்பற கதைன்னா ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு மேரி ஷெல்லி எழுதி 1818ல வந்த ‘பிராங்கன்ஸ்டைன்’ வகை, ஒரு படிச்ச ஆளு ரூம்ல உக்காந்து பொணத்துக்கு உயிர் குடுத்துட்டு அப்புறம் ஐயோ என்ன பண்ணிட்டேன்னு ஓடறது. 1985ல வந்த ‘ரீ அனிமேட்டர்’ கூட அந்த ரூட்டுதான், டாக்டருக்கு படிக்கற பையன் ஒருத்தன் பச்சையா மின்னற மருந்த பொணத்துக்கு ஊசி போட்டு எழுப்புவான், அதுலயும் சிரிப்பும் ரத்தமும் சரிக்கு சரி. இன்னொண்ணு ஜார்ஜ் ரொமேரோ 1968ல ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ எடுத்து போட்ட ரூட்டு, யார் எழுப்பினாங்கனு தெரியாது, கும்பலா வரும், கடிக்கும், கடி பட்டவனும் கும்பல்ல சேந்துருவான். இந்தப் படம் ரெண்டாவது வகை. பந்த உருட்டி கட்டைய சாய்க்கற பௌலிங் விளையாடற எடத்துல துப்புரவு வேலை பாக்கற அம்மாவுக்கு ஹின்ஸ்மன்னு பேரு வெச்சிருக்காங்க, ரொமேரோ படத்துல மொதல்ல வர்ற சுடுகாட்டு ஜோம்பியா நடிச்சவரு பேரு பில் ஹின்ஸ்மன். தெரிஞ்சவங்க சிரிச்சுக்கலாம், தெரியலன்னாலும் ஒண்ணும் கெட்டுப் போகல.

சரி, படத்துல எது நல்லா இருக்குன்னா, மொத அரை மணி நேரம். சும்மா சொல்லக்கூடாது, தூள். ஸ்கூல் கேன்டீன்ல ‘ஹாலிவுட் எண்டிங்’னு ஒரு பாட்டு வரும், சினிமால வர்ற மாதிரி சுபம் எல்லாம் நம்ம வாழ்க்கைல கெடையாதுடானு மேஜை மேல ஏறி ஆடிகிட்டே பாடறாங்க. கேக்கும்போது ஜாலி டீன் ஏஜ் பாட்டு மாதிரிதான் இருக்கும், படம் முடிஞ்சு யோசிச்சா அடப்பாவிகளா ஆரம்பத்துலயே இந்தப் பாட்டுல முழுக் கதையையும் சொல்லிட்டாங்களேனு தோணும். பாட்டு போட்டது ராடி ஹார்ட், டாமி ரெய்லினு ரெண்டு பேரு. டான்ஸ் மாஸ்டர் யாருன்னா ஸ்டெப்பா நடிச்ச சாரா ஸ்வைரே தான். அதனாலயோ என்னமோ டான்ஸ் ரொம்ப பாலிஷா இருக்காது, நெஜமாவே ஸ்கூல் பசங்க ஆண்டு விழாவுக்கு பழகி ஆடற மாதிரி கொஞ்சம் கோணலா இருக்கும், அது படத்துக்கு அவ்ளோ பொருத்தம்.

அதுக்கப்புறம் வர்றதுதான் படத்தோட உச்சம். காலைல அன்னா காதுல ஹெட்போன மாட்டிகிட்டு வீட்ட விட்டு வெளிய வர்றா, இன்னிக்கு என் வாழ்க்கை மாறப்போகுதுனு சந்தோஷமா பாடிகிட்டே தெருவுல நடக்கறா, பின்னாடி ஊரே பத்தி எரியுது, பக்கத்து வீட்டுக்காரன் ஜன்னல்ல இருந்து விழறான், ஆளுங்க அலறிகிட்டு ஓடறாங்க, இவ திரும்பி கூட பாக்கல. ஜானும் இன்னொரு பக்கம் அதே பாட்ட பாடிகிட்டு அதே மாதிரி வர்றான். 2004ல வந்த ‘ஷான் ஆஃப் தி டெட்’ல ஹீரோ தூக்கக் கலக்கத்துல கடைக்கு போயிட்டு வர்ற சீன் ஒண்ணு இருக்கும், அத பாத்தவங்களுக்கு இது எங்க இருந்து வந்துச்சுனு புரியும். ஆனா காப்பினு சொல்ல மாட்டேன், பாட்டு சேந்ததும் அந்த சீன் வேற ஒண்ணா ஆயிடுச்சு. காதுல ஒயர மாட்டிகிட்டு நாலு ரோட்டுல பஸ்சுக்கு நடுவுல புகுந்து போற பசங்கள தினமும் பாக்கறவங்களுக்கு இன்னும் கூடுதலா சிரிப்பு வரும். அந்த சீன் முடிவுல பார்க்குல பனிமனுஷன் வேஷம் போட்ட ஒரு ஜோம்பி வருது, சீசா பலகைய வெச்சு அதோட தலைய எடுக்கறா. எங்க வீட்டு வாண்டுகள அந்த நேரம் பாத்து உள்ள அனுப்பியிருந்தோம், இல்லன்னா ராத்திரி ஒருத்தனும் தூங்கியிருக்க மாட்டான்.

அன்னாவோட ஆயுதம் என்னனு தெரிஞ்சா இன்னும் சிரிப்பீங்க. கிறிஸ்மஸுக்கு சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட குச்சி மிட்டாய் தொங்க விடுவாங்கல்ல, கைப்பிடி வளைஞ்சு இருக்கும், அத ஆள் உசரத்துக்கு செஞ்சு வெச்ச அலங்காரப் பொருளு, நுனி கூரா இருக்கும், அத வேல் மாதிரி தூக்கிகிட்டு படம் பூரா சுத்தறா. ஜான் போட்டிருக்கற ஸ்வெட்டர்ல சீரியல் லைட் மின்னிகிட்டே இருக்கும். ஒளிஞ்சு இருக்க வேண்டிய நேரத்துல கூட மின்னும்.

நடுவுல வீட்ல நடந்த ஒண்ண சொல்லணும். அத்தை அடுப்படில இருந்து எட்டி எட்டி பாத்துட்டு "ஏண்டா, செத்தவங்க எல்லாம் பாட்டு பாடறாங்களா"னு கேட்டாங்க. சித்தப்பா பையன் உடனே "செத்தவன் பாடல அத்தை, சாகப்போறவன்தான் பாடறான்"னான். தமாஷுக்கு சொன்னதுதான், ஆனா அதுக்கப்புறம் நான் படத்த பாத்த விதமே மாறிடுச்சு. ஆமா, படத்துல ஒரு ஜோம்பி கூட பாடாது. உறுமும், இழுக்கும், கடிக்கும். பாடறது பூரா உயிரோட இருக்கறவங்க. அதனால ஆளு கொறைய கொறைய பாட்டும் கொறையுது. மொத பாதில பத்து நிமிஷத்துக்கு ஒரு பாட்டு வர்ற படம் ரெண்டாவது பாதில மூச்சு வாங்க ஆரம்பிக்குது, பாட்டே இல்லாம நீளமா போற எடம் எல்லாம் இருக்கு. வேணும்னே பண்ணாங்களா இல்ல பணமும் நேரமும் பத்தலையானு கேட்டா ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்னுதான் நெனைக்கறேன், சின்ன பட்ஜெட் படங்கறது கூட்டம் காட்டற எடத்துல எல்லாம் நல்லா தெரியுது.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் பேசணும். இந்தப் படத்த பத்தி எழுதற வெளிநாட்டுக்காரங்க பல பேரு பண்டிகையையும் பொணத்தையும் பாட்டையும் ஒண்ணா கலக்கறது எவ்ளோ விசித்திரம்னு ஆரம்பிச்சுதான் எழுதறாங்க. எனக்கு அதுல பெருசா விசித்திரம் ஒண்ணும் தெரியல. நம்ம பக்கம் மகா சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை நடக்குது, காவேரிப்பட்டணத்துல எவ்ளோ கூட்டம்னு போனவங்களுக்கு தெரியும். காளி வேஷம் போட்டு நாக்க துருத்திகிட்டு முகத்துல சாயம் அப்பிகிட்டு பம்பை உடுக்கை அடிச்சுகிட்டு ஊர்வலமா சுடுகாட்டுக்கு போறது நமக்கு திருவிழா, ஐஸ் வண்டியும் பலூன்காரனும் கூடவே வருவான். குழந்தைங்க மொதல்ல பயந்து அழும், அப்புறம் அதுங்களே வேஷக்காரங்க பின்னாடி ஓடும். பயமும் சிரிப்பும் ஒரே தெருவுல ஒரே நேரத்துல.

அதே மாதிரி பாரதக் கூத்து. தருமபுரி மாவட்டத்துல திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு 18 நாள் பாரதம் வெச்சு கூத்து கட்டற ஊருங்க இன்னும் இருக்கு. கடைசி நாள் படுகளம், மண்ணுல துரியோதனன பெருசா செஞ்சு படுக்க வெச்சு அது மேலயே சண்ட நடக்கும். சில ஊர்ல பொணமா படுத்திருக்கறவங்கள அம்மன் பேரால எழுப்பற சடங்கும் உண்டு, கொங்கு பக்கம் பொன்னர் சங்கர் கதைலயும் படுகளத்துல விழுந்தவங்கள தங்கச்சி எழுப்பற கட்டம் இருக்கு. செத்தவன் எழுந்து வர்றதுங்கறது நமக்கு சாமி காரியம். அதுக்கு நடுவுல கூத்துல கோமாளியா வர்ற கட்டியங்காரன் வந்து பச்சையா நக்கல் அடிச்சுட்டு போவான், யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. சாவு வீட்லயும் அப்படித்தான், மேளம் இல்லாம, நாலு பேரு ஆடாம, ஒப்பாரி இல்லாம நம்ம ஊர்ல ஒரு பெரிய சாவு கெளம்பி போயிடுமா?

அதனால பாட்டும் பொணமும் ஒண்ணா வரலாமாங்கறது எனக்கு கேள்வியே இல்ல. நமக்கு மேளத்துக்கும் ஆட்டத்துக்கும் பக்கத்துலயே ஒப்பாரியும் இருக்கு, கூத்துலயே துரியோதனன் விழுந்த அப்புறம் அவனுக்கும் ஒப்பாரி உண்டு, வில்லனா இருந்தாலும் சரி. இந்தப் படத்துல முக்கியமான ஆளுங்க சாகறாங்க, யாருனு சொல்ல மாட்டேன், ஆனா சில பேருக்கு படம் ஒரு நிமிஷம் கூட நின்னு அழல. அய்யோ போயிட்டானேனு நமக்கு தொண்டை அடைக்கறதுக்குள்ள அடுத்த சண்ட வந்துடுது. அதுவும் ஒரு ஆளு, நாம அவ்ளோ நேரம் சிரிச்சு பழகின ஆளு, கிறிஸ்மஸ் மரம் அடுக்கி வெச்ச எடத்துல போறான் பாருங்க, அங்க ஒரு பாட்டு வெச்சிருந்தா நான் சோபாலயே கரைஞ்சிருப்பேன். வெக்கல. கோபமே வந்துச்சு.

நின்னு அழுத எடமும் ஒண்ணு இருக்கு, அத ஒத்துக்கணும். கடைசிக்கு கிட்ட அப்பாவும் பொண்ணும் பேசற சீன். டோனியா நடிச்சவரு மார்க் பென்டன், தொப்பையும் அப்பாவி மூஞ்சியுமா நம்ம பக்கத்து வீட்டு மாமா மாதிரியே இருப்பாரு. கார்ல ஆரம்பிச்ச சண்ட அங்க வந்து முடியுது, சத்தம் போடாம ஒரு பாட்டு. எங்க வீட்ல அது வரைக்கும் முறுக்கு கடிக்கற சத்தம் கேட்டுகிட்டே இருந்துச்சு, அந்த சீன்ல நின்னு போச்சு. எல்லா சாவுக்கும் இந்த மரியாதை குடுத்திருந்தா இது எங்கயோ போயிருக்க வேண்டிய படம்.

நடிப்புனு பாத்தா அன்னாவா வர்ற எலா ஹன்ட் படத்த ஒத்தையா தூக்கி சுமக்கறாங்க, பாட்டும் சொந்தக் குரல், சண்டையும் நம்பற மாதிரி. மால்கம் கம்மிங்னு ஜானா வர்ற பையன் அதுக்கு சரியான ஜோடி. லிசாவா வர்ற மார்லி சியு விழா மேடைல பாடற பாட்டு ஒண்ணு இருக்கு, கேக்க கிறிஸ்மஸ் தாத்தாவ வாங்கனு கூப்பிடற பாட்டு மாதிரி இருக்கும், ஆனா வரிக்கு வரி ரெட்டை அர்த்தம், கீழ உக்காந்திருக்கற அப்பா அம்மா எல்லாம் முழிக்கறாங்க. பெரியவங்களோட பாத்தா அந்த மூணு நிமிஷம் நீங்களும் தண்ணி குடிக்க எழுந்து போயிடுங்க. அத்தைக்கு இங்கிலீஷ் பாட்டு புரியாதது நம்ம அதிர்ஷ்டம்.

நிக்கா வர்ற பென் விக்கின்ஸ் நான் எதிர்பாக்காத சர்ப்ரைஸ். ஆரம்பத்துல வெறும் லொள்ளு பார்ட்டி, ஜோம்பி வந்ததும் இவனுக்கு குஷி, கூட்டாளிங்களோட பேட்ட தூக்கிகிட்டு இதுக்குத்தான் பொறந்தேன்ங்கற ரேஞ்சுல ஒரு ராக் பாட்டு பாடிகிட்டே அடிச்சு நொறுக்கறான். அந்த ஆட்டம் பூரா எதுக்குனு பின்னாடி ஒரே ஒரு பேச்சுல தெரிய வரும், சின்ன சீன்தான், ஆனா அதுக்கப்புறம் அவன மொறச்சு பாக்க முடியல.

சொதப்பல் எங்கன்னா சாவேஜ் வாத்தியாரு. பால் கே நல்ல நடிகருதான், கண்ண உருட்டி பல்ல காட்டி அவரு ஆடற ஆட்டம் ஆரம்பத்துல செம. ஆனா ஏன் இவ்ளோ கெட்டவனா ஆனான்ங்கறதுக்கு படத்துல பதிலே இல்ல. விழா கெட்டுப்போச்சு, பதவி போயிடும், ஊருக்கு நான்தான் ராஜான்னு ஒரு பைத்தியம் முத்துது, சரி, அதுக்காக இவ்ளோ தூரமா? வெளிய அத்தன பொணம் நடக்குது, அது போதாதுனு உள்ள ஒரு வில்லன் எதுக்கு? கடைசில மேடைல அன்னாவும் அவரும் பாட்டாவே மோதிக்கறாங்க, பாக்க கலர்புல்லா இருக்கு, ஆனா எனக்கு மனசு அங்க இல்ல, அப்பா என்ன ஆனாருன்னுதான் இருந்துச்சு.

இன்னொரு குறை, நடுவுல பௌலிங் எடத்துல பசங்க மாட்டிகிட்டு உக்காந்திருக்கற பகுதி. மிலிட்டரி வந்து காப்பாத்தும்னு காத்திருக்கறாங்க, எந்தெந்த ஸ்டார் ஜோம்பி ஆயிட்டாங்கனு போன்ல பாத்து துக்கம் விசாரிக்கறாங்க, ஊர காலி பண்ணும்போது செல்ஃபி எடுத்து ஹாஷ்டேக் போடறவங்கள பத்தி ஒரு கிண்டல், எல்லாம் சரி, ஆனா கொஞ்சம் இழுவை. ஆனா அங்கதான் ‘ஹ்யூமன் வாய்ஸ்’னு ஒரு பாட்டும் வருது. நெட்வொர்க் போச்சு, போன் செத்துப் போச்சு, ஆளாளுக்கு ஒரு மூலைல உக்காந்து ஒரு மனுஷக் குரல் கேக்காதானு ஏங்கறாங்க. படம் வந்தது கொரோனாவுக்கு முன்னாடி. லாக்டவுன்ல அடைஞ்சு கெடந்த அப்புறம் இத கேக்கறவங்களுக்கு, எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, கொஞ்சம் வயித்த பெசையும்.

தமிழ்ல இத மாதிரி இருக்கானு கேப்பீங்க. 2016ல ஜெயம் ரவி நடிச்ச ‘மிருதன்’ வந்துச்சு, சக்தி சௌந்தர்ராஜன் டைரக்ஷன், ஊட்டில நடக்கற கதை, சீரியஸ் ஆக்ஷன் ரூட்டு. 2019ல யோகி பாபுவ வெச்சு ‘ஜாம்பி’னு ஒண்ணு, அது காமெடி ரூட்டு. தெலுங்குல 2021ல ‘ஜாம்பி ரெட்டி’, பிரசாந்த் வர்மா எடுத்தது, கர்னூல் பக்கத்து அருவா கோஷ்டிக்கு நடுவுல ஜோம்பிய விட்டிருப்பாரு, ஊர் வாசனை இருந்ததால அது எனக்கு புடிச்சுது. ஆனா நம்மாளுங்களுக்கு பேய்தான் இன்னும் வசதி. ஏன்னா நம்ம பேய்க்கு ஒரு பிளாஷ்பேக் இருக்கும், அநியாயமா செத்திருக்கும், பழி வாங்கணும், வாங்கி முடிச்சா ஒளியா மாறி மேல போயிடும். பேசி தீத்துக்கலாம். ஜோம்பிகிட்ட பேச ஒண்ணும் இல்ல. அதுக்கு உங்க மேல கோபமும் இல்ல பாசமும் இல்ல, நேத்து வரைக்கும் உங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுத்த ஆளா இருந்தாலும் இன்னிக்கு வெறும் வாயும் பல்லும்தான். தெரிஞ்ச மூஞ்சி, உள்ள ஆளு இல்ல. அதுல காமெடி பண்றது பேய வெச்சு பண்றத விட கஷ்டம், இந்தப் படம் பாதி தூரம் அத அழகா பண்ணுது.

படத்துக்குப் பின்னாடி ஒரு சோகக் கதை வேற இருக்கு. இது மொதல்ல ரயன் மெக்ஹென்றினு ஒரு இளம் டைரக்டரோட ஐடியா. ஸ்கூல் பசங்க பாடி ஆடற டிஸ்னி படம் ஒண்ண பாத்துகிட்டு இருக்கும்போது நடுவுல ஜோம்பி புகுந்து ஹீரோவ தின்னா நல்லா இருக்குமேனு தோணி ‘ஜோம்பி மியூசிக்கல்’னு ஒரு குறும்படம் எடுத்தாரு. நெட்ல ரொம்ப நாளா இருக்கறவங்களுக்கு இவர வேற விதமா தெரியும், ஹாலிவுட் ஹீரோ ரயன் காஸ்லிங் நடிச்ச சீன் ஓடும்போது டிவி முன்னாடி ஸ்பூன்ல கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரி காலை டிபன் சீரியல நீட்டி நீட்டி அவரு சாப்பிட மாட்டேங்கற மாதிரி அப்ப இருந்த வைன்ங்கற ஆப்புல குட்டி குட்டி வீடியோ போட்டாரே, அவரேதான். பெரிய படமா எடுக்கறதுக்குள்ள 2015ல கேன்சர்ல போயிட்டாரு, வயசு 27. அவரு போன அப்புறம் காஸ்லிங் ஒரு வீடியோ போட்டாரு, ஒரு ஸ்பூன் சீரியல் எடுத்து சாப்பிடறாரு, அவ்ளோதான். ஆலன் மெக்டொனால்டு சேந்து எழுதின ஸ்கிரிப்ட வெச்சு மெக்பெயில் வந்து படத்த முடிச்சு குடுத்தாரு. சாகற வயசே இல்லாத பசங்க சாகற கதைய சாகற வயசே இல்லாத ஒருத்தன் யோசிச்சு வெச்சுட்டு போயிருக்கான்னு தெரிஞ்ச அப்புறம் அந்த ‘ஹாலிவுட் எண்டிங்’ பாட்ட சாதாரணமா கேக்க முடியல.

கிறிஸ்மஸ் படம்னு சொல்லலாமானு எங்க ஏரியா பையன் ஒருத்தன்கிட்ட கேட்டேன், கோவிலூர்ல சொந்தக்காரங்க இருக்கற கத்தோலிக்க குடும்பம், டிசம்பர் வந்தா கேரல் ரவுண்ட்ஸுக்கு கிடார் தூக்கிகிட்டு போறவன். "படத்துல ஏசப்பாவே இல்லியே, வெறும் சீரியல் லைட்டும் மிட்டாயும்தான இருக்கு"னான். நியாயமான கம்ப்ளைன்டு. குடில் இல்ல, பூசை இல்ல, ஸ்கூல் விழாவும் கடைத்தெரு அலங்காரமும்தான் இவங்களோட கிறிஸ்மஸ். ஆனா கிறிஸ்மஸுக்கு பயமுறுத்தற கதை சொல்றது அந்த ஊர்ல பழைய பழக்கம், டிக்கன்ஸ் 1843ல எழுதின ‘எ கிறிஸ்மஸ் கரோல்’ கூட பண்டிகை ராத்திரில ஆவிங்க வந்து கஞ்சன திருத்தற கதைதானே. அங்க ஆவி வந்து புத்தி சொல்லுது, இங்க பொணம் வந்து கடிக்குது.

குழந்தைங்களோட பாக்கலாமானு கேட்டா வேண்டாம். இங்கிலாந்துல 15 வயசுக்கு மேலனு சர்டிபிகேட், அமெரிக்கால ‘ஆர்’, அதாவது சின்னப் பசங்க பெரியவங்க தொணை இல்லாம பாக்கக்கூடாது. ரத்தம் காமெடி ரத்தம்தான், ஆனா நெறைய, கெட்ட வார்த்தையும் நெறைய. போஸ்டர்ல குச்சி மிட்டாயும் சிரிச்ச மூஞ்சியும் பாத்து ஏமாந்து ஆறாவது படிக்கற பையன கூட உக்கார வெச்சுடாதீங்க. பிளஸ் டூ காலேஜ் பசங்களுக்கு ஓகே, சொல்லப்போனா அவங்களுக்குத்தான் படமே, அடுத்து என்ன படிக்கறது ஊர விட்டு போறதா இருக்கறதானு வீட்ல சண்ட ஓடற எல்லாருக்கும் அந்த கார் சீன் சுருக்குனு இருக்கும். இங்க இருந்து பெங்களூரோ சென்னையோ போறேன்னு சொல்லும்போது எங்கப்பா மூஞ்சி எப்படி போச்சோ அதே மூஞ்சிய டோனிகிட்ட பாத்தேன்.

நான் பாத்தது இங்கிலீஷ் ஆடியோல. ஸ்காட்லாந்து பேச்சு வேகமா வழுக்கிகிட்டு போகும், சப்டைட்டில் கண்டிப்பா போடுங்க, இல்லன்னா பாதி ஜோக்கு போயிடும். டிவி ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, பாட்டு படம் இது, சின்ன சவுண்டு பாரா இருந்தாலும் மாட்டிக்குங்க. படம் ஒன்றரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேலதான், ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்தா பதினோரு மணிக்குள்ள முடிஞ்சிடும். சமீபத்துல சாவு நடந்த வீடா இருந்தா மட்டும் இப்ப போடாதீங்க, அந்த அப்பா சீன் தாங்காது. படம் வேண்டாம் பாட்டு போதும்ங்கறவங்களுக்கு ஆல்பம் தனியா கெடைக்குது, ‘ஹ்யூமன் வாய்ஸ்’ல ஆரம்பிங்க, லிசா பாட்டு வரும்போது ஹெட்போன மாட்டிக்குங்க.